ரெண்டாவது பேஸ் பிறகு பாப்பம் தம்பி, முதல்ல ரெண்டாவது கேபிளை வாங்குங்கோ

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 23 வயசு, ரெண்டு வருசமா ஒரு பாண்ட்ல பேஸ் கிற்றார் வாசிக்கிறார், கலியாண ரிசெப்ஷன், பேர்த்டே பார்ட்டி, இடைக்கிட கோயில் திருவிழாவுக்கு மெல்லிசை எண்டு மாசம் அஞ்சாறு ஷோ. கையில இருக்கிறது ஒரே ஒரு அஞ்சு கம்பி அக்டிவ் பேஸ், எண்டா உள்ளுக்க பற்றரியில ஓடுற பேஸ். போன மாசம் ஒரு ரிசெப்ஷன்ல பைலா செற் நல்லா ஏறி எல்லாரும் ஆடிக்கொண்டு நிக்கேக்க திடீரெண்டு பேஸ் சத்தம் நிண்டு போச்சு, திரும்ப வர பத்து நிமிசம், கடைசியாப் பாத்தா கேபிள். "பாண்ட்ல இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தினம், அந்தப் பார்வை இன்னும் மனசை விட்டுப் போகேல்ல" எண்டு எழுதியிருக்கிறார். இப்ப கடன் எடுத்து ரெண்டாவது பேஸ் ஒண்டு வாங்கலாமோ, ஷோவுக்கு ஸ்பெயாரா என்னென்ன கொண்டு போகோணும், "கிற்றார்காரனே ஸ்பெயார் கொண்டு வாறேல்ல, பேஸுக்கு என்னத்துக்கு, வானில இடமும் இல்லை" எண்டு சொல்ற லீடருக்கு என்ன சொல்றது, இது தான் கேள்வி.

தம்பி, கேபிள் போறது எல்லாருக்கும் நடக்கும், நான் 25 வருசத்துக்கு மேல கொழும்பில வாசிக்கிறன், எத்தினை கேபிள் மேடையில செத்திருக்கு எண்டு கணக்கில்லை. அண்டைக்கு உங்களைக் கவுத்தது கேபிள் இல்லை, அந்தப் பத்து நிமிசம். அது முப்பது செக்கன்ல முடிஞ்சிருந்தா இண்டைக்கு நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீங்கள். அதால கடன் எடுக்க வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். ரெண்டாவது பேஸ் அண்டைக்குப் பின்னால ஸ்டாண்டில நிண்டிருந்தாலும் அதே செத்த கேபிளைத் தானே அதிலயும் குத்தியிருப்பீங்கள்?

ஸ்பெயார் எண்டா எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு வச்சிருக்கிறது எண்டு கனபேர் நினைக்கினம். நான் அப்பிடிப் பாக்கிறேல்ல. உங்கட விரலில இருந்து சவுண்ட்காரரின்ட மிக்சர் வரைக்கும் சத்தம் ஒரு பாதையால போகுது, அந்தப் பாதையில எந்த இடம் உடைஞ்சாலும் அந்தப் பாட்டு முடிய முதல் சுத்திப் போக இன்னொரு வழி இருக்கோணும், அந்த வழி கைக்கெட்டின தூரத்தில இருக்கோணும், இருட்டில கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் ஏலோணும்.

எனக்கு இது விளங்கின கதையைச் சொல்றன். கல்கிசைப் பக்கம் ஒரு கலியாணம், என்னட்ட அப்ப இருந்ததும் ஒரு அக்டிவ் பேஸ் தான். மூண்டாவது பைலா போகுது, அழுத்தி அடிச்சா மட்டும் சத்தம் கரகரக்குது, மெல்லமா வாசிச்சா கிளீனா இருக்கு. ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சு அம்ப்பில பேஸ் நொப்பைக் குறைச்சன், இன்னும் மோசம், கேபிளை மாத்தினன், அதே தான், பிறகு சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு இல்லாமலே போச்சு. பற்றரி எண்டு விளங்கவே அஞ்சாறு நிமிசம். பேஸைப் பிரட்டினா பற்றரி மூடியில நாலு சின்ன ஸ்குரூ, என்னட்ட ஸ்குரூட்ரைவர் இல்லை. வெயிட்டர் தம்பி ஒராள் ஓடிப்போய் மேசையில இருந்த பட்டர் கத்தியைக் கொண்டு வந்து தந்தார், அதின்ட நுனி ஸ்குரூவில நிக்காம வழுக்கி வழுக்கி மரத்தில கீறல் விழுந்துது, ஒரு ஸ்குரூவின்ட தலையும் தேஞ்சு போச்சு. சரி கழட்டியாச்சு, 9 வோல்ட் பற்றரிக்கு எங்க போறது? சவுண்ட்காரர் கோட்லெஸ் மைக் ஒண்டைத் திறந்து அதுக்குள்ள இருந்ததைக் கழட்டித் தந்தார், பொம்பிளையின்ட அப்பா பேசுறதுக்கு எண்டு வச்சிருந்த மைக் அது. அவ்வளவு நேரமும் கீபோர்ட் அண்ணா இடக்கையால பேஸ் லைனை வாசிச்சு பாட்டை விழாமப் பிடிச்சுக்கொண்டிருந்தவர், அவருக்கு இண்டைக்கும் நன்றியோட இருக்கிறன். அந்தக் கீறல் இப்பவும் அந்தப் பேஸில இருக்கு, அழிக்கேல்ல.

அதால முதல்ல பற்றரி, நீங்களும் அக்டிவ் பேஸ்காரர் தானே. உள்ளுக்க இருந்து சத்தத்தைக் கூட்டிக் குடுக்கிற ப்ரீஆம்ப் பெரும்பாலும் ஒண்டு ரெண்டு மில்லி ஆம்பியருக்குள்ள தான் இழுக்கும், நல்ல அல்கலைன் 9 வோல்ட் பற்றரி நூற்றுக்கணக்கான மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும், அது தான் ஆபத்தே, மாத்தினது எப்ப எண்டு மறந்து போயிடும். பேஸில கேபிள் குத்தின உடனயே பற்றரி ஒன் ஆகும், வீட்டில பிராக்டிஸ் முடிஞ்சு கேபிளைக் கழட்டாம ஸ்டாண்டில வச்சீங்கள் எண்டா இரவு பகலா ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு இரவில செத்துப்போகாது, ஆனா ரெண்டு மூண்டு கிழமை அப்பிடியே விட்டா செத்துப்போகும். வாசிச்சு முடிஞ்சா கேபிளைக் கழட்டிற பழக்கம் வேணும். மல்டிமீற்றர் ஒண்டு வாங்குங்கோ, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில மலிஞ்சதே காணும், புதுப் பற்றரி 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும், 8க்குக் கிட்ட வந்தா நான் மாத்திடுவன், மாத்தின திகதியை ஒரு துண்டு டேப்பில எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவன். உங்கட பேஸ் 18 வோல்ட் எண்டா ரெண்டு பற்றரி வேணும், திறந்து பாருங்கோ. புதுப் பற்றரியை பாக்கில சும்மா போட்டு வைக்காதேங்கோ, ரெண்டு முனையும் ஒரே பக்கம் இருக்கிறதால சாவியிலயோ சில்லறைக் காசிலயோ முட்டினா ஷோர்ட் ஆகிச் சூடேறும், முனைக்கு டேப் ஒட்டி வையுங்கோ. பேஸில பாசிவ் சுவிச் (பற்றரி இல்லாம வாசிக்க விடுறது) இருக்கோ எண்டும் பாருங்கோ, இருந்தா பற்றரி செத்தாலும் அதைத் தட்டிவிட்டு செற்றை முடிக்கலாம். இல்லாட்டி சத்தமே வராது, கன பேஸில அந்த சுவிச் இல்லை.

கேபிளுக்கு வருவம். ரெண்டு வச்சிருங்கோ, ரெண்டும் நல்லதா இருக்கோணும். "ஸ்பெயார் தானே" எண்டு பழைய கரகரத்த கேபிளைப் பாக்கில போடுற ஆக்களைக் கண்டிருக்கிறன், அது ஸ்பெயார் இல்லை, ரெண்டாவது கரைச்சல். ஆறு மீற்றர் காணும். கடையில கட்டின கேபிள் விலை கூட எண்டா மீற்றர் கணக்கில நல்ல வயரும் ரெண்டு நல்ல ஜாக்கும் வாங்கி சோல்டர் பண்ணுவியுங்கோ, ஜாக்கைக் கழட்டி உள்ளுக்க பாக்கக்கூடிய மாதிரி இருக்கோணும், அடைச்சு வார்த்த ஜாக் எண்டா செத்தா எறியிறதைத் தவிர வேற வழியில்லை. வாசிக்கேக்க கேபிளை ஸ்ட்ராப்புக்குள்ளால ஒருக்கா வளைச்சு எடுத்துக் குத்துங்கோ, ஆரும் மிதிச்சாலும் ஜாக்கை இழுக்காது. முழங்கையில சுத்தி மடிக்க வேண்டாம், உள்ளுக்க வயர் முறுகி அந்த இடத்தில தான் பிறகு அறும்.

இன்னொண்டும் இருக்கு, இது கனபேருக்குத் தெரியாது. அவசரத்தில ஆரிட்டயாவது கேபிள் கேட்டு வாங்கேக்க ஜாக்கின்ட நுனியைப் பாருங்கோ. கறுப்பு வளையம் ஒண்டு இருந்தா சாதாரண மொனோ கேபிள், ரெண்டு இருந்தா ஸ்டீரியோ. அக்டிவ் பேஸில ஸ்டீரியோ கேபிளைக் குத்தினா பெரும்பாலும் பற்றரி ஒன் ஆகவே ஆகாது, ஏனெண்டா மொனோ ஜாக்கின்ட நீளமான உடம்பு தான் சொக்கெட்டுக்குள்ள ரெண்டு தொடுப்பைச் சேத்து பற்றரியை ஒன் பண்ணுது. புதுப் பற்றரி, நல்ல கேபிள், எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை எண்டு ஆக்கள் விசர் பிடிச்சு நிண்டதைக் கண்டிருக்கிறன்.

இனி நான் சொல்லப்போறது தான் இந்தக் கடிதத்திலயே பெரிய விசயம், இதுக்கு காசே தேவையில்லை. சத்தம் போனா எங்க பிழை எண்டு கண்டுபிடிக்கிற ஒழுங்கு. பெடல் டியூனர் ஒண்டு காலடியில வச்சிருக்கிறீங்கள் தானே, இல்லாட்டி கடன் எடுக்கிற காசில முதல்ல அதை வாங்குங்கோ, அது டியூன் பண்ண மட்டும் இல்லை. சத்தம் நிண்ட உடன ஒரு கம்பியைத் தட்டி டியூனரைப் பாருங்கோ. டியூனர் நோட்டைக் காட்டுது எண்டா பேஸும் சரி, பற்றரியும் சரி, முதல் கேபிளும் சரி, பிழை டியூனருக்குப் பிறகு. லைற் எரியுது ஆனா நோட் காட்டேல்ல எண்டா பிழை உங்கட பக்கம், வொல்யூம் நொப், கேபிள், பற்றரி, இந்த ஒழுங்கில. டியூனரில லைற்றே இல்லை எண்டா அதுக்குக் கரண்ட் வரேல்ல, பேஸ் கேபிளைக் கழட்டி நேர அம்ப்பில இல்லாட்டி டிஐ பொக்ஸில (பேஸை நேர மிக்சருக்கு அனுப்புற சின்னப் பெட்டி) குத்துங்கோ. ரெண்டு செக்கன்ல பாதிப் பாதையைச் சந்தேகத்தில இருந்து கழிச்சாச்சு. அண்டைக்கு நீங்கள் இதைப் பாத்திருந்தா அம்ப்பைத் திறந்து மூடி, சவுண்ட்காரரோட கதைச்சு, நேரத்தை விட்டிருக்க மாட்டீங்கள்.

அதோட, கேபிளைக் கழட்ட முதல் சவுண்ட்காரருக்குக் கையைக் காட்டுங்கோ, அவர் உங்கட சனலை மியூட் பண்ணட்டும். பேஸ் கேபிளைச் சும்மா பிடுங்கினா பெரிய சப்வூஃபரில வெடி மாதிரி அடிக்கும், முன் வரிசையில இருக்கிற அம்மம்மாமார் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பினம். சவுண்ட் செக்கிலயே "அண்ணா, நான் இப்பிடிக் கையைத் தூக்கினா மியூட் பண்ணுங்கோ" எண்டு சொல்லி வையுங்கோ. எந்த ஹோலுக்குப் போனாலும் சவுண்ட்காரரோட முதல் அஞ்சு நிமிசம் மரியாதையாக் கதைச்சு வைக்கிறதை நான் ஒரு ஸ்பெயாராத் தான் நினைக்கிறன், எனக்குப் பற்றரி தந்ததும் அப்பிடி ஒராள் தானே.

அம்ப் செத்தா என்ன செய்யிறது எண்டு நீங்கள் கேக்கேல்ல, ஆனா அதுக்கும் வழி வேணும். ரெண்டாவது அம்ப் ஓட்டோவில ஏத்தேலாது, 100ஆம் நம்பர் பஸ்ஸிலயும் ஏலாது, தேவையும் இல்லை. டிஐ பொக்ஸ் ஒண்டு வாங்குங்கோ, உள்ளங்கை அளவு, பாசிவ் டிஐ எண்டா பற்றரியும் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை, பேஸ் உள்ளுக்க, எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) வெளிய, நேர மிக்சர், அவ்வளவு தான். அம்ப் புகைஞ்சாலும் மண்டபத்துக்குப் பேஸ் கேக்கும், உங்களுக்கு மொனிற்றரில கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாசிவ் பேஸ் எண்டா அக்டிவ் டிஐ நல்லது, உங்கடது அக்டிவ் எண்டபடியா பாசிவ் டிஐ தாராளமாக் காணும். சவுண்ட் கொம்பனியிட்ட டிஐ இருக்கும் தான், ஆனா இருக்கிற ரெண்டையும் கீபோர்டுக்குக் குடுத்து முடிஞ்சிருக்கும், நான் கண்ட அளவில பேஸுக்கு எண்டு மிஞ்சிறது குறைவு. டிஐ அவுட் உள்ள ப்ரீஆம்ப் பெடல் வாங்கினா ரெண்டு வேலையும் ஒண்டில முடியும், காசு சேந்த பிறகு அதைப் பாருங்கோ. ஹெட்டும் (அம்ப்) கபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) தனித்தனியாப் பாவிக்கிற இடத்தில நடுவில போறது ஸ்பீக்கர் கேபிள், அதுக்கு உங்கட பேஸ் கேபிளைக் குத்த வேண்டாம், மெல்லிய வயர், சூடேறும், வால்வ் அம்ப் எண்டா ட்ரான்ஸ்ஃபோமரே போகும்.

கரண்ட் விசயம் கொழும்பில தனிக்கதை. சில ஹோலில 13 ஆம்பியர் சதுரக் குத்தி, சில பழைய மண்டபத்தில வட்டக் குத்தி, ரெண்டுக்கும் பொருந்திற அடப்டர் ஒண்டும் நாலு சொக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒண்டும் பாக்கில இருக்கட்டும். 13 ஆம்பியர் பிளக்குக்குள்ள ஃபியூஸ் இருக்கு, அம்ப்புக்குப் பின்னாலயும் ஃபியூஸ் இருக்கு, ரெண்டிலயும் ஒவ்வொண்டு, அதே அளவு, ஒரு சின்ன டப்பாவில. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். கோயில் வீதி, கிரவுண்ட் எண்டு ஜெனரேட்டரில ஓடுற ஷோவில "ம்ம்ம்" எண்டு இரைச்சல் வந்தா டிஐயில கிரவுண்ட் லிஃப்ட் சுவிச்சை (மிக்சருக்குப் போற கேபிளில மட்டும் ஏர்த் தொடுப்பைப் பிரிக்கிறது) தட்டிப் பாருங்கோ, பிளக்கில ஏர்த் காலை வெட்டுற வேலை மட்டும் செய்யாதேங்கோ, ஆர் சொன்னாலும் செய்யாதேங்கோ. பேஸ் கம்பி எல்லாம் பிரிட்ஜுக்குள்ளால ஏர்த்தோட சேந்திருக்கு, மைக் வேற லைன்ல, வேற ஏர்த்தில இருந்தா, கம்பியில கை, மைக்கில வாய் எண்டு நிக்கிற ஆளுக்குள்ளால தான் கரண்ட் போகும். 1972இல ஸ்டோன் த க்ரோஸ் எண்ட பாண்ட்ல கிற்றார் வாசிச்ச லெஸ் ஹார்வி, வேல்ஸில ஸ்வான்சியில ஏர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே உயிரை விட்டவர். ஒரு டெஸ்டர் ஸ்குரூட்ரைவரைப் பாக்கில வச்சு, பாட முதல் மைக்கின்ட வலையில தொட்டுப் பாருங்கோ, லைற் எரிஞ்சா அந்த மேடையில ஏற வேண்டாம், ஏர்த்தைச் சரி பண்ணச் சொல்லுங்கோ. லைற் எரியேல்ல எண்டதுக்காக எல்லாம் சரி எண்டும் இல்லை, முதல்ல ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிஞ்சா தானே ஓஃப் ஆகிறது) இருக்கோ எண்டு கேளுங்கோ. ஒக்டோபர் நவம்பரில வெளி மேடை எண்டா பின்னேரம் மழை வரும் எண்டு நினைச்சுக்கொண்டே போங்கோ, அம்ப்பையும் பெடலையும் மூடுற அளவுக்கு ஒரு துண்டு தறப்பாள்.

கம்பி பற்றி நீங்கள் கூடப் பயப்பிடுறீங்கள் போல கிடக்கு. பேஸ் கம்பி அறுறது சரியான குறைவு, என்ர வாழ்க்கையில மேடையில மூண்டு தரம் தான் அறுந்தது. ஆனா கடல் காத்தும் வேர்வையும் சேந்து கொழும்பில கெதியாத் துருப் பிடிக்கும், வாசிச்சு முடிய ஒரு துணியால துடையுங்கோ. ஸ்பெயாருக்குப் புதுச் செற் வாங்கத் தேவையில்லை, நீங்கள் மாத்தேக்க கழட்டிற பழைய செற்றை அந்த வளைவோடயே சுருட்டி வையுங்கோ, அது ஏற்கனவே அளவுக்கு வெட்டி வளைஞ்சு இழுபட்ட கம்பி, ரெண்டு நிமிசத்தில ஏத்திடலாம், டியூனும் இறங்காது. புதுக் கம்பி எண்டா அளந்து, வளைச்சு, பிறகு வெட்டி (வளைக்க முதல் வெட்டினா சுத்தின கம்பி உள்ளுக்க கழண்டு போகும்), இழுத்து இழுத்து டியூன் பண்ணி முடிக்க ரெண்டு பாட்டுப் போயிடும்.

பேஸின்ட ஜாக் சொக்கெட்டையும் பாருங்கோ, நட் தளர்ந்தா முழுச் சொக்கெட்டும் சேந்து சுத்தும், அப்பிடிச் சுத்திச் சுத்தி உள்ளுக்க சோல்டர் அறும், மேடையில திருத்த ஏலாத ஒரே பிழை அது தான். கிழமைக்கு ஒருக்கா விரலால ஆட்டிப் பாத்து ஸ்பானரால இறுக்குங்கோ, இறுக்கேக்க உள்ளுக்க சொக்கெட் சுத்தாமப் பாக்கோணும். ஸ்ட்ராப் ஊசி, சின்ன ஸ்குரூட்ரைவர், அலன்கீ, டோர்ச், இன்சுலேஷன் டேப், இதுகள் எல்லாம் ஒரு பென்சில் பொக்ஸுக்குள்ள அடங்கும், கூடச் சொல்லத் தேவையில்லை.

இப்ப ரெண்டாவது பேஸ். ஒரு நாளைக்கு வாங்கத் தான் வேணும், நான் இல்லை எண்டு சொல்லேல்ல. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எண்டு தூர ஷோ வந்தா, அங்க ராத்திரி பத்து மணிக்கு ஆரிட்ட ஓடிப்போய்க் கேக்கிறது? அதுவரைக்கும் வேற பாண்ட்ல இருக்கிற பேஸ்காரர் ஒராளோட கதைச்சு வையுங்கோ, உனக்கு ஷோ இல்லாத நாளில உன்ர பேஸ் எனக்கு, எனக்கு இல்லாத நாளில என்ரது உனக்கு எண்டு. நாங்கள் ரெண்டு பேர் அப்பிடிப் பத்து வருசம் ஓட்டினம், அவர் கொட்டாஞ்சேனை, நான் தெஹிவளை, ஒரு சதம் செலவில்லை. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு மேல போன பிறகு புதுப் பேஸின்ட விலை உங்களுக்கே தெரியும், அதுக்கு வட்டியும் கட்டி வாசிக்கிற ஆள் நிம்மதியா வாசிக்க மாட்டார்.

வாங்கிற நேரம் வந்தா பழைய, பாசிவ், நாலு கம்பி ஒண்டைத் தேடுங்கோ, பற்றரி இல்லை, உள்ளுக்க பழுதாப் போக ஒண்டும் பெரிசா இல்லை. "நான் அஞ்சு கம்பி வாசிக்கிறன், நாலில எப்பிடி" எண்டு கேப்பீங்கள். உங்கட லிஸ்ட்டில கீழ் பி கம்பி (அந்த அஞ்சாவது, தடிச்ச கம்பி) உண்மையாத் தேவைப்படுற பாட்டு எத்தினை எண்டு இருந்து எண்ணுங்கோ, நாலோ அஞ்சோ தான் வரும், அதுகளை ஒரு ஒக்டேவ் மேல வாசிச்சுப் பழகுங்கோ, இல்லாட்டி ஈ கம்பியை டி வரைக்கும் இறக்குங்கோ. ஸ்ட்ராப் நீளம் ரெண்டிலயும் ஒண்டா இருக்கட்டும், சவுண்ட் செக்கில அந்தப் பேஸையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ, பாசிவ் பேஸ் சத்தம் குறைவா வரும், சவுண்ட்காரருக்கு முதலே தெரிஞ்சிருக்கோணும்.

லீடருக்கு என்ன சொல்றது? ஒண்டும் சொல்லத் தேவையில்லை. மேல சொன்னதில ரெண்டாவது பேஸையும் எக்ஸ்டென்ஷனையும் தவிர எல்லாம் நீங்கள் பேஸ் கொண்டு போற கிக் பாக்கின்ட முன் பொக்கட்டுக்க போகும், வானில இடம் கேக்கவே தேவையில்லை. அவர் சொன்னதிலயும் ஒரு நியாயம் இருக்கு, அவர் பத்துப் பேரையும் ட்ரம்ஸையும் ஏத்திக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மனுசன். ஆனா கிற்றார்காரருக்குக் கம்பி அறுந்தா மிச்சம் அஞ்சு கம்பியில பாட்டு ஓடும், உங்கட சத்தம் நிண்டா பைலாவின்ட காலே இல்லாமப் போகுது, அதை அவரும் அண்டைக்குக் கண்டவர் தானே. அவரிட்ட ஒண்டே ஒண்டு மட்டும் கேளுங்கோ, அடுத்த பிராக்டிஸில பத்து நிமிசம். பாட்டு நடுவில ஆராவது ஒராள் உங்களுக்குச் சொல்லாம ஒண்டைக் குழப்பட்டும், டியூனரின்ட அடப்டரைப் பிடுங்கட்டும், அம்ப்பை ஓஃப் பண்ணட்டும், நல்ல கேபிளுக்குப் பதிலா செத்த கேபிளைக் குத்தட்டும். மற்றவை பாட்டை நிப்பாட்டாம வாசிக்கட்டும், கீபோர்ட்காரர் இடக்கையால பேஸைப் பிடிக்கட்டும், அவருக்கும் அது பழக்கம் வேணும். ட்ரம்ஸ்காரர் நேரம் பாக்கட்டும். முதல் தரம் ரெண்டு மூண்டு நிமிசம் எடுக்கும், பரவாயில்லை, திரும்பத் திரும்பச் செய்யுங்கோ, கடைசியா எத்தினை செக்கன்ல வந்துது எண்டு எனக்கு எழுதுங்கோ.